நாத்தனார் முடிச்சு

கோடா? எந்தக் கோடும்மா? ஓ, இந்த மஞ்சக் கோடா. இதைத் தாண்டக் கூடாதா? சரி, தாண்டல. இந்தா பின்னாடி வந்துட்டேன், போதுமா? காலையிலேர்ந்து நாலு வாட்டி சொல்லிட்ட, நானும் நாலு வாட்டி பின்னாடி வந்துட்டேன். ஒண்ணு சொல்றேன் கேளு. அந்தப் படத்தைத் தொட்டுப் பாக்கணும்னு எனக்கு ஒண்ணும் தலையெழுத்து இல்ல. அதுல இருக்கிற கை எங்கிட்டயே இருக்கு. இந்தா பாரு, இந்தக் கைதான் அது.

சிரிக்காத. காலையில இந்தக் கண்காட்சியை நடத்துற கியூரேட்டர் பொண்ணும் இப்படித்தான் சிரிச்சுது.

உன் பேரு என்ன? பேட்ஜுல போட்டிருக்கு, கண்ணாடி இல்லாம தெரியல. எஸ்தரா? நல்ல பேரு. என் பேரு தையல்நாயகி. திருச்சியில உறையூரு. பாட்டின்னு கூப்பிடாத, அம்மான்னு கூப்பிடு, எனக்கு எழுபத்திமூணுதான் ஆவுது. இன்னிக்குக் கடைசி நாளுன்னு பேப்பர்ல பாத்து, காலையில அஞ்சு மணி பஸ்ஸைப் புடிச்சு வந்திருக்கேன். நீ அந்த ஸ்டூல்லயே உக்காரு, நான் இந்த பெஞ்சுல உக்காந்துக்கறேன். கோட்டுக்கு இந்தப் பக்கந்தானே இருக்கு? அப்ப சரி.

வாசல்ல மாடி உசரத்துக்கு பேனர் கட்டியிருக்கீங்களே, 'அரசி, ஓவியர், கவிஞர், ஐம்பது ஆண்டுகள்'னு, அந்த அரசி எங்க அண்ணி. எங்கண்ணன் பொண்டாட்டி. முழுப் பேரு மங்கையர்க்கரசி. முன்னாடி பாதியை வெட்டிப் போட்டுட்டு அரசின்னு வெச்சுக்கிச்சு. அதுக்கு எதையும் முழுசா வெச்சுக்கத் தெரியாது. என்னைவிட ஒரு வயசு சின்னது, ஆனாலும் அண்ணி அண்ணிதானே. போன வருஷம் போய்ச் சேந்துருச்சு. பேப்பர்ல பாத்துத்தான் எங்களுக்கே தெரியும்.

எண்பத்தேழு படம் மாட்டியிருக்கீங்க. எல்லாத்தையும் பாத்துட்டேன். உள்ளதைச் சொல்றேன், கோச்சுக்காத, எனக்கு ஒண்ணுமே விளங்கல. ஒரு படத்துல எருமை மேல தையல் மிஷின் நிக்குது. ஒரு படம் முழுக்க கருப்பு, மூலையில ஒரு இட்லி. இட்லி இல்லையாம், நிலாவாம். நிலாவுல எங்கயாச்சும் துணி பட்ட வரி இருக்குமா? அது இட்லிதான். எங்க வீட்டு இட்லித் தட்டுல அண்ணி ரெண்டு மாசம் ஊத்தி எடுத்திருக்கு, எனக்குத் தெரியாதா?

அப்புறம் தன்னைத்தானே இருபத்திரண்டு தடவை வரைஞ்சிருக்கு. ஒண்ணுலயாவது கழுத்து இருக்கா பாரு. தலை நேரா தோள் மேல உக்காந்திருக்கு, பானை மேல பானை அடுக்கினாப்புல. காலையில பிள்ளைங்களைக் கூட்டிட்டு வந்த கியூரேட்டர் பொண்ணு, ஒரு காதுல மட்டும் ஜிமிக்கி போட்டிருந்துச்சே, அது 'கழுத்தை மறுக்கிறார்'னு சொல்லுச்சு. பிள்ளைங்களும் எழுதிக்கிட்டாங்க. யாரோ ஒரு பேராசிரியர் புத்தகமே போட்டிருக்காராம், கழுத்து ஏன் இல்லன்னு. எங்கண்ணனும் அந்தக் கழுத்தைத்தான் பாத்துட்டு வரச் சொல்லி என்னை அனுப்பியிருக்கு. இரு, அதுக்கு வர்றேன்.

இருபத்திரண்டு படத்துல இல்லாத கழுத்தை எல்லாம் சேத்து வெச்சு இந்த ஒண்ணுல வரைஞ்சிருக்கு. அதுவும் பின்கழுத்து. நீலக் கலர்ல. கொண்டையை ஒதுக்கிவிட்டு, மஞ்சக் கயிறு, முடிச்சு, முடிச்சு மேல ஒரு கை. விரல் பாரு, வாழைத்தாரு கணக்கா. எனக்கு அப்பெல்லாம் வெண்டைக்கா மாதிரி விரல். வேணும்னே குண்டா போட்டிருக்கு. பக்கத்துல எழுதி ஒட்டியிருக்கீங்களே, அதைப் படி. 'கணவனின் தங்கை மூன்றாவது முடிச்சை இறுக்கும் கணம். ஒரு பெண்ணின் மீது இன்னொரு பெண்ணைக் கொண்டே பூட்டப்படும் விலங்கு.'

விலங்காம். நான் பூட்டினேனாம்.

உங்க பக்கத்துலயும் நாத்தனார் முடிச்சு உண்டா? உண்டுல்ல, அப்ப விளக்க வேணாம். மாப்ளை ரெண்டு முடிச்சு போடுவாரு, மூணாவதை மாப்ளையோட தங்கச்சி போடணும். எழுபத்தி நாலு, வைகாசி மாசம் அண்ணன் கல்யாணம், நாங்கதான் பெரிய கூட்டம் கூட்டிச் செஞ்சோம். எனக்கு அப்ப கல்யாணம் ஆகல. நாத்தனாருக்குன்னு எடுத்த மாம்பழக் கலர் பட்டுப் புடவையைக் கட்டிக்கிட்டு, பொண்ணு பின்னாடி போயி நின்னேன். மேளக்காரன் கெட்டிமேளம் கொட்டுறான். நான் கையைக் கொண்டு போறேன். எங்கம்மா எங்கேருந்துதான் பாத்துச்சோ, படீர்னு என் கையில ஒரு அடி.

ஏன்னா நான் கொண்டு போனது பீச்சாங்கை. பொறந்ததுலேர்ந்து எனக்கு அந்தக் கைதான் பேசும். கோலம், கரண்டி, பல்லாங்குழி எல்லாம் அந்தக் கைதான். பள்ளிக்கூடத்துல அடிச்சு அடிச்சு எழுதறதை மட்டும் சோத்தாங்கைக்கு மாத்திவிட்டாங்க. மணவறையில போயி பீச்சாங்கையால தாலி முடியலாமா? சபையே பாக்குது. அப்புறம் சோத்தாங்கையால தட்டுத் தடுமாறி ஒரு முடிச்சு போட்டேன். அண்ணி தலையைக் குனிஞ்சபடியே, எனக்கு மட்டும் கேக்கற மாதிரி, "உங்களுக்கு எந்தக் கை சௌகரியமோ அதுலயே போடுங்களேன்"னுச்சு. மணவறையில பேசுது பாரு! எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு.

இரு, போன் அடிக்குது. அண்ணன்தான். சத்தம் போடக் கூடாதா? மெதுவாப் பேசறேன்... அண்ணே! சொல்லு... பாத்துட்டுத்தான் இருக்கேன்... கழுத்தா? இன்னும் ரெண்டு ரூம் பாக்கி இருக்குண்ணே, அதுக்குள்ள அவசரப்படற... ரசம் அடுப்பு மேல இருக்கு, சுட வெச்சுக்க... ஆங், பாத்துச் சொல்றேன். வெச்சுடு.

எண்பத்திரண்டு வயசு. வீட்டுக்காரர் போனதுலேர்ந்து நான் அண்ணன் வீட்டுலதான் இருக்கேன், பத்தொம்பது வருஷம் ஆச்சு. ரிட்டயர்டு கணக்கு வாத்தியாரு. ரொம்ப நல்ல மனுஷன், எஸ்தரு. ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. அண்ணியை ஒரு நாள் கை நீட்டினது கிடையாது, ஒரு சொல்லு சொன்னது கிடையாது. வந்த ரெண்டாம் நாளே அண்ணி சொல்லிருச்சு, நான் படம் வரைவேன், கவிதை எழுதுவேன்னு. வேற புருஷனா இருந்தா என்ன செஞ்சிருப்பான்? எங்கண்ணன் ஒரு பெரிய தாளை எடுத்து, ஸ்கேல் வெச்சுக் கட்டம் போட்டு, டைம்டேபிள் எழுதி அடுப்பங்கரைச் சுவத்துல ஒட்டுச்சு. 'ஞாயிறு மாலை நாலு முதல் ஐந்தரை வரை ஓவியம். புதன் எட்டு முதல் எட்டரை வரை கவிதை.' எந்தப் புருஷன் அந்தக் காலத்துல இப்படி எழுதியே குடுப்பான், சொல்லு? ஆனா அண்ணி அந்த டைம்டேபிளையே பாத்துட்டு நிக்கும். அடுப்புல பால் பொங்குறது கூடத் தெரியாம நிக்கும்.

செவ்வாக்கிழமை கூட வரையும். நான் பாத்தேன்னா விடமாட்டேன், அம்மாகிட்ட சொல்லிருவேன். ஒழுங்குன்னு ஒண்ணு இருக்குல்ல? ஒரு தடவை அட்டையில ஏதோ வரைஞ்சு மாடியில காய வெச்சிருந்துச்சு. எங்கம்மா அதைத் திருப்பிப் போட்டு அதுல வத்தல் பிழிஞ்சிருச்சு. அண்ணி வந்து பாத்துச்சு. திட்டல, அழல. வத்தல் காயற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்து காக்கா ஓட்டுச்சு. அதுக்கு என்ன அர்த்தம்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

கவிதை நோட்டை அண்ணன்கிட்டக் காட்டும். அண்ணன் சிவப்பு மையில திருத்திக் குடுக்கும். மார்க்கும் போடும். அந்த நோட்டுதான் அங்க கண்ணாடிப் பெட்டிக்குள்ள விரிச்சு வெச்சிருக்கீங்க. போயிப் பாத்தியா? சிவப்பு மையில 'பத்துக்கு ஆறு. முயற்சி தேவை.' அதுக்குக் கீழ என்ன எழுதியிருக்கீங்க? 'கவிஞரின் தீவிரமான சுயவிமர்சனம்'னு. அட, அது எங்கண்ணன் கையெழுத்தும்மா! உறையூர்ல பாதிப் பேரு முதுகுல அந்தக் கையெழுத்து இருக்கு. இந்த எண்பத்தேழு படத்துல எங்கண்ணன் ஒண்ணுலகூட இல்ல. இந்தக் கட்டடத்துல அது இருக்கிறது அந்த ஒரு எடத்துலதான். பத்துக்கு ஆறு.

ஆனி மாசம் மெட்ராஸ்லேர்ந்து ஒரு கடுதாசி வந்துச்சு. ஓவியக் கல்லூரியில எடம் கெடைச்சிருக்குன்னு. கல்யாணத்துக்கு முன்னாடியே எழுதிப் போட்டிருக்கும்போல. அண்ணன் நிதானமா உக்காந்து யோசிச்சுது. நல்லவிதமாத்தான் சொல்லுச்சு. "அதுக்கென்ன, ஞாயித்துக்கிழமையை நாலுலேர்ந்து ஆறு வரைக்கும் ஆக்கிக்கலாம்"னுச்சு. அரை மணி நேரம் கூட்டிக் குடுத்துச்சு எஸ்தரு, அதையும் சொல்லணும்ல?

ஆடி பொறந்தா புதுப்பொண்ணை அம்மா வீட்டுல வந்து கூட்டிட்டுப் போயிருவாங்க. மறுநாள் காலையில வர்றாங்கன்னு, முந்தின நாள் மத்தியானம் எங்கம்மா முறுக்கு சுடறதுக்கு எண்ணெய் வாங்கப் போயிருச்சு. அண்ணன் பள்ளிக்கூடத்துல. நான் மாவு சலிச்சுட்டு கைகழுவக் கிணத்தடிக்குப் போறேன். அண்ணி துவைக்கிற கல்லு மேல உக்காந்திருக்கு. பக்கத்துல துணிப்பை. கையில கத்திரிக்கோல். தாலிக்கயித்தை இழுத்துப் பிடிச்சு, கத்திரிக்கோலை வெச்சிருச்சு!

என் உசுரு என்கிட்ட இல்ல. ஒரே பாய்ச்சல். கையைப் புடிச்சுக்கிட்டேன். தாலிக்கயித்தை எப்ப அறுப்பாங்கன்னு உனக்குத் தெரியும்ல? புருஷன் போனாத்தான் அறுப்பாங்க. இது அறுத்துச்சுன்னா எங்கண்ணனுக்கு என்னாவறது? அது பாட்டுக்கு அங்க கரும்பலகையில கணக்கு எழுதிட்டிருக்கு, நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு உழுந்துருச்சுன்னா? "அண்ணி, கழுத்தை வேணா அறுத்துக்கங்க, கயித்தை அறுக்காதீங்க"ன்னேன். என் வாயில அப்படித்தான் வந்துச்சு. அண்ணி சிரிச்சிருச்சு. கண்ணுல தண்ணியோட சிரிக்குது. "அறுக்கக் கூடாதுன்னா அவுத்து விடுங்க. மேல இருக்கிறது நீங்க போட்டதுதானே"ன்னுச்சு.

அது சொன்னது நெஜம். மூணு முடிச்சுல என்னோடதுதான் மேல இருக்கும். அதை அவுக்காம அண்ணன் போட்டது ரெண்டும் அவுராது. ஆடிக்கு அப்புறம்தான் தாலி பிரிச்சுக் கோக்கறதா இருந்துச்சு, அதனால கல்யாணத்தன்னிக்குப் போட்ட முடிச்சு அப்படியே இருக்கு. ரெண்டு மாசம் தினம் மஞ்சத்தண்ணி பட்டுப் பட்டு, கல்லு. அண்ணி கொண்டையை ஒதுக்கிட்டுக் குனிஞ்சுச்சு. நான் சோத்தாங்கையால பாக்கறேன், அசைய மாட்டேங்குது. அப்புறம் யாரு பாக்கப் போறான்னு பீச்சாங்கையைக் கொண்டு போனேன். நகம் ரெண்டு பிஞ்சிருச்சு. அண்ணி குனிஞ்ச தலை நிமிரல. கடைசியில பல்லால கடிச்சு இழுத்தேன். கடிச்ச கடியில முன்பல்லு ஓரம் தெறிச்சிருச்சு, முடிச்சும் எளகிருச்சு. ஒரு வாரம் வாயெல்லாம் மஞ்சக் கசப்பு.

அந்தப் படத்துல முடிச்சுக்குப் பக்கத்துல வெள்ளையா ஒரு பொட்டு தெரியுதா? அது விதையாம். 'பெண்மையின் முளைக்காத விதை.' நாலு பக்கம் எழுதியிருக்காரு அந்தப் பேராசிரியரு. அட, அது என் பல்லு!

இதையும் கேட்டுக்க. என்னோட முடிச்சு வந்ததுக்கு அப்புறம், அண்ணன் போட்டது ரெண்டும் நான் விரல் வெக்கறதுக்கு முன்னாடியே தளந்து கையோட வந்துருச்சு. ஒரு செகண்டு கூட ஆகல. நான் அண்ணி மூஞ்சியைப் பாத்தேன், அண்ணி என் மூஞ்சியைப் பாத்துச்சு.

தங்கத்தைக் கழட்டி என் கையில வெச்சு, "இது உங்க வீட்டுது"ன்னுச்சு. கயித்தை அது எடுத்துக்கிச்சு. ஆத்துல போடத்தான் எடுத்துட்டுப் போவுதுன்னு நெனச்சேன். கொல்லைக் கதவைத் தெறந்து விட்டேன். போயிருச்சு. ஒரு வார்த்தை வான்னு கூப்பிடல, ஒரு வார்த்தை வரட்டான்னு கேக்கல. கூப்பிட்டாலும் நான் எங்க போறது? எனக்கு என்ன தெரியும்? மாவு சலிக்கத் தெரியும். கோலம் போடுவேன், இருபத்தொரு புள்ளி, பீச்சாங்கையால ஒரே இழுப்புல. அண்ணி என் கோலத்தைப் பாத்துட்டு, நீங்களும் மெட்ராசுக்கு எழுதிப் போடுங்களேன்னு ஒரு தடவை சொல்லுச்சு. கேலி பண்ணுதுன்னு நெனச்சுக்கிட்டேன். கேலிதான் பண்ணியிருக்கும். விடு.

சாயங்காலம் அண்ணன் வந்துச்சு. விஷயம் தெரிஞ்சதும் உக்காந்திருச்சு. யாரும் கேக்காத கேள்வியை முதல்ல கேட்டுச்சு. "தாலி?" தாலி என் இடுப்புல முடிஞ்சிருக்கு எஸ்தரு. நான் சொன்னேன், "கழுத்துலதாண்ணே இருந்துச்சு."

அவ்ளோதான். ரெண்டே சொல்லு. பயத்துல சொன்னேன். மறு ஞாயித்துக்கிழமை சமயபுரத்துக்குப் போயி உண்டியல்ல போட்டுட்டேன், அப்புறம் எடுத்துக் குடுக்கவும் வழியில்ல. எங்கம்மா தெரு முழுக்க, தாலியோட ஓடிட்டா, திருடின்னு கத்துச்சு. நானும் கூடச் சேந்து கத்தினேன். எங்கம்மாவைவிட நான்தான் சத்தமாக் கத்தினேன். அதை நெனச்சா இப்பவும் எனக்கு வெக்கமா இருக்கு, எங்கயாவது போயி முட்டிக்கலாம்போல இருக்கு.

ஆனா அண்ணன் வேற மாதிரி எடுத்துக்கிச்சு. "திருடின்னு சொல்லாதீங்க. கழட்டி வெச்சிட்டுப் போகலைல்ல? அப்ப மனசுல இருக்கு"ன்னுச்சு. அதைப் புடிச்சுக்கிச்சு. எத்தனை வரன் கொண்டாந்தோம் தெரியுமா? எல்லாத்துக்கும் ஒரே பதிலு. தாலி கட்டினவ தாலியோட இருக்கா, நான் எப்படி இன்னொண்ணு கட்டறது? அண்ணி பேரு பேப்பர்ல வர ஆரம்பிச்சதும், பூதக்கண்ணாடி வெச்சுக்கிட்டு போட்டோவுல கழுத்தைப் பாக்கும். அண்ணி எப்பப் பாரு கழுத்து மூடின ஜிப்பா. "உள்ள இருக்கும்"னு சொல்லிட்டு பேப்பரை மடிச்சு வெச்சுரும். அம்பது வருஷம்.

எனக்கு என்ன கெடைச்சுதுன்னு கேளு. ஓடிப்போனவ நாத்தனாருன்னு ரெண்டு வருஷம் எனக்கு வரன் வரல. எங்கம்மா சாகற வரைக்கும் ஒரே பாட்டு: "இவ முடிச்சு லூசு. சோத்தாங்கையால போடத் தெரியாமப் போட்டா, அதான் நிக்கல." கல்யாணம், காது குத்து, எங்க போனாலும் இந்தக் கதை. அண்ணனும் அப்பப்ப சொல்லும், சிரிச்சுக்கிட்டுதான். போன வாரம் பேப்பர்ல இந்தப் படம் வந்துச்சு. 'நாத்தனார் இறுக்கும் கை'ன்னு எழுதியிருந்ததைப் பாத்துட்டு அண்ணன் விழுந்து விழுந்து சிரிச்சுது. "தப்பாப் போட்டிருக்கான். நீ எங்க இறுக்கின?"ன்னுச்சு.

வீட்டுல லூசு. இங்க விலங்கு. நெஜத்துல என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சவங்க ரெண்டே பேரு, அதுல ஒண்ணு போயிருச்சு.

காலையில அந்தக் கியூரேட்டர்கிட்ட சொன்னேன். "பாப்பா, இது முடியற கை இல்ல, அவுக்கற கை. தாலி முடியறவ எவளாவது பீச்சாங்கையால முடிவாளா? படத்துல எந்தக் கை இருக்கு பாரு"ன்னேன். அந்தப் பொண்ணு மரியாதையாத்தான் பேசுச்சு. "இடது கை அபசகுனத்தின் குறியீடும்மா"ன்னுச்சு. என் கையைப் புடிச்சுக்கிட்டே சொல்லுது! ஆதாரம் இருக்கான்னு கேட்டுச்சு. பல்லைக் காட்டலாம்னா பல்லே இல்ல, எல்லாம் பல்செட்டு.

அப்புறம்தான் கண்ணாடிப் பெட்டியில அதைப் பாத்தேன். நோட்டுக்குப் பக்கத்துல சுருட்டி வெச்சிருக்கீங்களே, அழுக்கேறிப் போன கயிறு. 'நோட்டைக் கட்டியிருந்த நூல்'னு எழுதியிருக்கீங்க. எஸ்தரு, அது அந்தக் கயிறு. அம்பது வருஷம் வெச்சிருந்திருக்கு. இந்த முனையும் முழுசா இருக்கு, அந்த முனையும் முழுசா இருக்கு. எங்கயும் வெட்டுப்படல. எனக்கு அங்கயே அழுகை வந்துருச்சு, பிள்ளைங்க எல்லாம் பாத்தாங்க. படத்துக்குப் பக்கத்துல அந்தக் கவிதை வேற.

மூன்று முடிச்சு.
இரண்டு அவருடையவை.
மேலே இருந்தது மட்டும்
என் கழுத்தை அறிந்திருந்தது.

கவிதைன்னா எனக்கு ஒரு எழவும் புரியாது. இது புரிஞ்சுது. எங்கண்ணன் பாத்திருந்தா எத்தனை மார்க்கு போட்டிருக்குமோ தெரியல.

கயித்தைக் காட்டினதும் அந்தக் கியூரேட்டர் குனிஞ்சு ரெண்டு முனையையும் பாத்துச்சு. "நீங்க சொல்றதை இங்க நோட்டுல எழுதி, பேரு, ஊரு, கையெழுத்து போட்டுக் குடுங்கம்மா. படம் எல்லாம் அடுத்த மாசம் டெல்லிக்குப் போகுது. நாங்க விசாரிச்சு அங்க மாத்தி ஒட்டறோம், பேப்பர்லயும் சொல்றோம்"னுச்சு. நோட்டு உன் மேஜையிலதான் இருக்கு. மத்தியானத்துலேர்ந்து அதை நாலு தடவை தொறந்து பாத்துட்டேன். ஒருத்தன் 'சூப்பர்'னு எழுதியிருக்கான். ஒருத்தி 'ஏசி நல்லா இருக்கு'ன்னு எழுதியிருக்கா. நான் எழுதினா பேப்பர்ல வரும். பேப்பர்ல வந்தா அண்ணன் பாக்கும். பூதக்கண்ணாடி வெச்சுப் பாக்கும். அது சோறு போட்டு வெச்சிருக்கற வீட்டுல இருந்துக்கிட்டு, அது அம்பது வருஷமா நம்பினதை நான் எப்படிப் புடுங்கறது, சொல்லு? எழுதலன்னா, டெல்லி வரைக்கும் என் கை விலங்காத்தான் போவும். பிள்ளைங்க எழுதிக்குவாங்க.

மணி என்ன? நாலே முக்காலா? அஞ்சுக்குப் பூட்டிருவீங்கல்ல.

பாரு, திரும்பவும் அடிக்குது. இரு...

அண்ணே. ம், எல்லாத்தையும் பாத்துட்டேன்... நீயா? இருக்க. இருக்கண்ணே, உன் கையெழுத்து இருக்கு. கண்ணாடிப் பெட்டிக்குள்ள, மேல லைட்டு போட்டு வெச்சிருக்காங்க... ஆமா, சிவப்பு மை... கழுத்து இல்லண்ணே. எந்தப் படத்துலயும் இல்ல. ஒண்ணுலதான் இருக்கு... இரு, இரு. நீ நிக்கிறியா, உக்காந்திருக்கியா? உக்காரு. சேர்ல நல்லா சாஞ்சு உக்காரு. உக்காந்துட்டியா?

தாலி அது கழுத்துல இல்லண்ணே. அன்னிக்கே இல்ல. கிணத்தடியில நான்தான் அவுத்தேன்... நான். தையலு... சமயபுரத்து உண்டியல்ல போட்டேன்... அண்ணே? அண்ணே, இருக்கியா?

மூச்சு விடற சத்தம் கேக்குது எஸ்தரு. போனை வெக்கல.

அண்ணே, அது அறுக்கத்தான் பாத்துச்சு. நான் விடல. உனக்கு ஏதாச்சும் ஆயிருமோன்னு பயந்துதான் அவுத்தேன். அதனாலதான் இன்னிக்கு எண்பத்திரண்டு வயசுல உக்காந்து ரசஞ்சோறு தின்னுட்டிருக்க, ஆமா. உன்கிட்டப் பொய் சொன்னது தப்பு. அம்பது வருஷத் தப்பு. நான் வந்ததும் திட்டு, எவ்ளோ வேணா திட்டு... என்ன? என்ன கேட்ட?... பல்லாலதான். என் முன்பல்லு, நான் சொன்னாப்புல முறுக்குல போகலண்ணே, அதுலதான் போச்சு... இல்ல, லூசு இல்ல. கல்லு மாதிரி இருந்துச்சு... ம்... உன்னோடதா?

...

உன்னோடதுந்தாண்ணே. ரெண்டும் ரொம்ப இறுக்கமா இருந்துச்சு. என்னோடதைவிட இறுக்கம். படாத பாடு பட்டேன்... ஆமாண்ணே, சத்தியமா... சரி. மாத்திரையைப் போட்டுக்க. பஸ் ஏறிட்டு போன் பண்றேன். வெச்சுடு.

என்ன அப்படிப் பாக்கற? எண்பத்திரண்டு வயசு மனுஷன்கிட்ட எல்லாத்தையும் ஒரே நாள்ல சொல்லிர முடியுமா? அதெல்லாம் நோட்டுல எழுதமாட்டேன். என் முடிச்சு, என் கை, என் பல்லு, அதை மட்டும்தான் எழுதப் போறேன். கொண்டா நோட்டை. பேனா இருக்கா?

அந்தக் கையில இல்லம்மா. இந்தக் கையில குடு.